வையூருவில் உறைந்த டீசலும் ஒரு முகூர்த்தமும்

1

நேற்று வதனி வெலிங்டனில் இருந்து கூப்பிட்டாள். அவளுடைய கல்யாண நாள். வாழ்த்துச் சொல்லவேண்டியவர்கள் நாங்கள்தான். ஆனால் ஒவ்வொரு ஆனி மாதமும் முந்திக்கொள்வது அவள். பிள்ளைக்குப் பல் முளைத்தது, புருஷனுக்கு முதுகு பிடித்தது எல்லாவற்றையும் என் மனைவி மனோவுடன் கதைத்து முடித்துவிட்டு என்னிடம் ரிசீவரைக் கொடுக்கச் சொன்னாள். பிறகு வழக்கமான கேள்வி: "மாமா, லொறிக்குக் குளிர் ஒண்டும் இல்லையே?"

ஊரில் இருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியைப் பற்றி விசாரிக்கிறீர்கள். நியூசிலாந்து என்றதும் தபால் அட்டையில் வருகிற வெள்ளை மலையின் உச்சியில் நாங்கள் குடியிருப்பதாக உங்களுக்கு ஒரு எண்ணம். ஆக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. மழை கொட்டும். சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். இந்த வெள்ளிக்கிழமை தோய்த்துப் போட்ட உடுப்பு அடுத்த வெள்ளிக்கிழமை காயும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாய் இறுகிவிடும் என்பதால் மனோ அதை வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள். எங்களுடைய குளிர் அவ்வளவுதான். ஆகவே குளிரில் டீசல் லொறியைக் கிளப்பிய கதை என்று நான் தொடங்கினால், அது எங்கள் வாசலில் நடந்ததல்ல, ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனம் படிப்பித்தவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். என்னிடம் அடி வாங்கியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நியூசிலாந்து அரசாங்கம் அந்த நாட்களில் புள்ளி போட்டு ஆட்களை எடுத்தது. வயதுக்குப் புள்ளி, பட்டத்துக்குப் புள்ளி, அனுபவத்துக்குப் புள்ளி. அவ்வளவு தாராளமாக நான் எந்தப் பிள்ளைக்கும் போட்டதில்லை.

வந்து இறங்கிய பிறகுதான், புள்ளி போட்ட அலுவலகம் வேறு, பட்டத்தை மதிப்பிடுகிற அலுவலகம் வேறு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரிந்தது. நான் படித்த பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாகத் தபாலில் அனுப்பவேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் யுத்தம் நடக்கிறது, தபால் ஒழுங்காகப் போய் வருவதில்லை என்று விளங்கப்படுத்தினேன். அங்கே இருந்த பெண் மிகுந்த அனுதாபத்துடன் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அப்படியென்றால் தொலைநகலில் அனுப்பச் சொல்லுங்கள் என்றாள்.

கனரக வாகன லைசென்சுக்கு யாரும் பாடத்திட்டம் கேட்கவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினேன். பரீட்சகர் முன்பு என்ன வேலை என்று கேட்டார். இரசாயன ஆசிரியர் என்றேன். நல்லது, டீசலைப் பற்றித் தெரிந்திருக்கும் என்றார். அவர் பகிடிக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆக்லாந்தின் மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சரக்குக் கம்பெனியில் சேர்ந்தேன். விடியப் போய் விமானத்தில் வந்த பெட்டிகளை ஏற்றுவது, ஊரெல்லாம் இறக்குவது. லொறி ஜப்பானில் பாவித்துக் கழித்தது. டாஷ்போர்டில் பாதிச் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்து. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாததால் தெரிந்த சுவிட்சுகளை மட்டும் தொடுவோம்.

என் கூட்டாளி எஞ்சினியர் சிவபாதம். ஊரில் குளமும் அணைக்கட்டும் கட்டியவர். இங்கே விமானச் சாப்பாடு தயாரிக்கிற சமையல்கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆக்லாந்துத் தமிழர் எல்லோரும் அவரை எஞ்சினியர் என்றும் என்னை மாஸ்டர் என்றும்தான் கூப்பிடுவார்கள். வாரநாட்களில் பறிபோகிற பட்டங்களைச் சனி ஞாயிறுகளில் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொள்வது எங்கள் சமூகத்தின் முக்கியமான சேவை.

3

வதனி மனோவின் ஒன்றுவிட்ட அண்ணனின் மகள். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில். அவள் மட்டும் எப்படியோ கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை ரவீந்திரன் வெலிங்டனில் அரசாங்க அலுவலகமொன்றில் கம்ப்யூட்டர் வேலை. படத்தில் பார்த்துச் செய்த சம்பந்தம். கல்யாணம் வரைக்கும் பெண் மாப்பிள்ளை வீட்டில் தங்கக்கூடாது என்பதால் எங்கள் வீட்டில் தங்கினாள்.

எங்கள் மகள் அபிராமிக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவள் அபி கூட இல்லை, 'ஏபி'. தன் அறையில் இன்னொரு கட்டில் போட்டதை அவள் எதிர்த்து ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். அதில் தனிமை, உரிமை, கலந்தாலோசனை என்ற மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. மூன்றுக்கும் எங்கள் வீட்டில் புழங்குகிற தமிழ் இல்லை. ஒரு கிழமை போனது. பின்னேரங்களில் இருவரும் ஒரு போர்வைக்குள் இருந்து தொலைக்காட்சியில் ஆஸ்திரேலியத் தொடர் நாடகம் பார்க்கத் தொடங்கினார்கள். அபி ஆங்கிலத்தில் கேட்பாள், வதனி தமிழில் பதில் சொல்வாள். எந்த இடத்தில் புரிந்துகொண்டார்கள் என்று தெரியவில்லை, சிரிப்பு மட்டும் ஒரே நேரத்தில் கேட்கும்.

பெண்ணின் தகப்பன் வரமுடியாது. அப்படியென்றால் தாரை வார்த்துக் கொடுப்பது யார்? நானும் மனோவும் என்று முடிவாயிற்று. நியூசிலாந்தில் நேர்முகப் பரீட்சை இல்லாமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. நான் மகிழ்ந்துபோனேன் என்று எழுதினால் பொய். இருக்கிற வேலைக்கே நேரம் போதாது, இதற்குள் இரவல் தகப்பன் வேலையும் வேண்டுமா என்று மனோவிடம் முணுமுணுத்தேன். உங்களை ஒருவரும் பிரசவம் பார்க்கச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

அடுத்தது நாள். ஆனி முடிந்தால் ஆடி, ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி வரை பொறுக்கலாம் என்றால் அதற்குள் வதனியின் விசா முடிந்துவிடும். பஞ்சாங்கமும் குடிவரவுத் திணைக்களமும் சேர்ந்து ஒரே ஒரு சனிக்கிழமையை எங்களுக்கு விட்டுவைத்தன. அதிலும் ஒரு சண்டை. மாப்பிள்ளையின் தகப்பன் தம்பிராசா ஊரில் சேவையராக இருந்தவர். நிலத்தையும் நேரத்தையும் அங்குலம் பிசகாமல் அளப்பவர். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் போட்ட நேரம்தான் நேரம் என்று நின்றார். எங்கள் ஐயர் தமிழ்நாட்டுக்காரர், கணேசன் என்று பெயர். கிழமை நாட்களில் நகர மையத்தில் ஒரு வங்கியில் வேலை, சனி ஞாயிறில் பூணூலும் பஞ்சகச்சமும். சூரியன் இங்கே வேறு நேரத்தில் உதிக்கிறது, வெலிங்டன் கணக்குப்படி முற்பகலில்தான் முகூர்த்தம் என்று அவர் ஒரு மாதம் தொலைபேசியில் வாதாடி வென்றார். சேவையர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த வெலிங்டன் நேரத்தில் ஒரு நிமிஷம் பிந்தினாலும் தனக்குச் சம்மதமில்லை என்றும் சொல்லிவைத்தார்.

4

அந்த நாட்களில் எனக்குத் தெரிய இந்த நாட்டிலிருந்த மணவறை, தாலி கட்டும்போது தம்பதியை இருத்துகிற மேடை, ஒன்றே ஒன்று. எஞ்சினியர் சிவபாதம் தகனினியில் தன்னுடைய கராஜுக்குள் வைத்துச் செய்தது. கழற்றிப் பூட்டலாம். அணைக்கட்டுக் கட்டவேண்டிய மனிதனின் கையில் மணவறை கிடைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தாலும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் தப்புவார்கள். நான்கு பேர் பிடித்தால்தான் ஒரு தூண் அசையும். அதைக் கொண்டுபோக லொறிதான் வேண்டும்.

என் முதலாளி நல்ல மனிதர். வார இறுதிக்கு லொறியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வெள்ளிக்கிழமை திறப்பைத் தரும்போது ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தலையும் தந்து, டீசலுக்குள் ஊற்றுகிற மருந்து என்றார். பிறகு ஏதோ மலைப்பக்கத்தைப் பற்றி வாயைத் திறக்காமலே சொன்னார். இங்கே ஆண்கள் உதட்டை அசைக்காமல் கதைப்பது ஒரு கலை. நான் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டினேன். புலம்பெயர்ந்தவனுக்கு முதலில் பழக வேண்டிய அப்பியாசம் அது.

மனோ, அபி, வதனி மூவரும் முதல் நாளே பஸ்சில் போய்விட்டார்கள். லொறியின் முன்சீட்டில் நான், எஞ்சினியர், நடுவில் ஐயர். பின்னால் மணவறை, சமையல் கிடாரங்கள், காஸ் அடுப்பு, வாழைக்குலைகள், ஐயரின் ஓமச் சாமான். மங்கரேயிலேயே டாங்கி நிறைய டீசல் அடித்துக்கொண்டு தெற்கே வெளிக்கிட்டோம். போத்தலை எஞ்சினியர் வாங்கிப் பார்த்தார். இப்போதே ஊற்றிவிடலாமா என்று கேட்டேன். "காய்ச்சல் வராமல் ஆராவது பனடோல் போடுவினமே மாஸ்டர்?" என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தீவின் நடுவில் உயரமான மேட்டு நிலம் ஒன்று இருக்கிறது. வையூரு என்ற சின்ன ஊர், இராணுவ முகாம் ஒன்று, சுற்றிவரப் புல்லுத் தரை, தூரத்தில் வெள்ளை மலை. ஊரின் பெயர்ப் பலகையைக் கண்டதும் எஞ்சினியர் லொறியை நிற்பாட்டச் சொன்னார். 'வை', 'ஊரு', இரண்டும் சுத்தத் தமிழ், நம்முடைய முன்னோர் கப்பலில் வந்து வைத்த ஊர் என்றார். ஐயர் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, மாவோரி மொழி தெரிந்த யாரையாவது கேட்டீர்களா என்றார். அது தேவையில்லை என்றார் எஞ்சினியர். விடியவே வேலைக்கு ஓடியதையும் சேர்த்து, ஒரு நாளில் ஓட்டக்கூடிய சட்டப்படியான நேரம் எனக்கு முடிந்துவிட்டதால் அங்கேயே ஒரு மோட்டலில் தங்கினோம். காலையில் வெள்ளெனப் புறப்பட்டால் முகூர்த்தத்துக்கு நிறைய நேரம் இருந்தது.

5

காலையில் கதவைத் திறந்தபோது நிலம் முழுவதும் உப்புத் தூவியது மாதிரி வெள்ளையாக இருந்தது. லொறியின் கண்ணாடியில் உறைபனி. எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்கைப் போட்டு, விளக்கு அணையும் வரை பொறுத்து, திறப்பைத் திருப்பினேன். முனகி முனகி எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். மோட்டல் வாசல் வரைக்கும் ஓடியது. அங்கே இரண்டு தரம் இருமிவிட்டு, வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு எத்தனை தரம் திருப்பியும் பிடிக்கவில்லை.

டீசல் பில்டரின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கும். குனிந்து பார்த்தேன். உள்ளே டீசல் இல்லை, மோர் இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது, குளிரில் அது துகள் துகளாகத் திரண்டு பில்டரை அடைத்துவிடும். குளிர்ப்பிரதேசத்தில் விற்கிற டீசலுக்குக் குளிர்காலத்தில் மருந்து சேர்த்திருப்பார்கள். குளிராத ஆக்லாந்தில் அடித்த டீசலுக்கு அது இல்லை. இதையெல்லாம் நீள் சங்கிலி ஐதரோகாபன் என்ற தலைப்பில் பல வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த வாசலில் நின்று எஞ்சினியருக்கும் ஐயருக்கும் முழுப் பாடத்தையும் நடத்தினேன். ஐயர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், இது நம்ம தேங்காய் எண்ணெய் கதைதானே" என்றார்.

அதுதான். பாடம் முடிந்தது. லொறி அப்படியே நின்றது.

எஞ்சினியர் சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து, இப்போதுதான் காய்ச்சல் வந்திருக்கிறது என்று சொல்லி முழுவதையும் டாங்கிக்குள் ஊற்றினார். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, அடியில் இருந்த சின்ன எழுத்தை அவர் முதன்முறையாக வாசித்தார். குளிருவதற்கு முன்னரே கலக்கவேண்டும், மெழுகு திரண்டபின் ஊற்றிப் பயனில்லை என்று எழுதியிருந்தது. அவர் அதை எங்களுக்கு உரக்க வாசிக்கவில்லை. நான் வாங்கி வாசித்தேன்.

அடுத்து மண்ணெண்ணெய் கலப்பம் என்றார் எஞ்சினியர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது வாசனைச் சென்ற் மாதிரி, துளிக்கணக்கில்தான். மோட்டார் சைக்கிளின் காபரேற்றர் வாய்க்குள் ஊசியால் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகை கக்கக் கக்கப் பள்ளிக்கூடம் போனவன் நான். எதிரே வருகிறவன் ஆரென்று புகை அடங்கினால்தான் தெரியும். பிள்ளைகள் என் வரவைச் சத்தத்தில் அறியாமல் மணத்தில் அறிந்தார்கள். அங்கே எண்ணெய் இல்லாமல் எஞ்சினை ஓட்டினோம். இங்கே டாங்கி நிறைய எண்ணெயை வைத்துக்கொண்டு தெருவில் நின்றோம். ஆனால் மண்ணெண்ணெயையும் குளிருக்கு முதலே கலந்திருக்க வேண்டும் என்ற செய்தியை நான் எஞ்சினியருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் மோட்டல்காரி வந்தாள். நரைத்த தலை, வீட்டு அங்கிக்குக் கீழே ரப்பர் பூட்ஸ். லொறியின் கதவில் எழுதியிருந்த மங்கரே முகவரியை வாசித்தாள். பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, "ஜாஃபா" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உலகத்தின் அடி நுனியில், உறைபனியில், ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்த மாத்திரத்தில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். எஸ், எஸ், ஜாஃப்னா என்றேன். எஞ்சினியர் தன் ஊர் கோண்டாவில் என்று கூடுதல் விபரமும் கொடுத்தார். ஐயர் மட்டும், தான் இந்தியா என்று திருத்தினார். அவள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆக்லாந்துக்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர் வைத்திருக்கும் வசைப்பெயர் அது என்று பிறகு அபிதான் எனக்குச் சொன்னாள். நாலு ஆங்கில எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டாம். மூன்றை விரித்துச் சொன்னாள். நடுவிலே ஒன்றை மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள்.

வைதாலும் அவள் கெட்டவள் இல்லை. உள்ளே போய் நீளமான வயரையும் ஒரு சின்ன மின்சார ஹீட்டரையும் கொண்டுவந்து பில்டருக்குக் கீழே வைத்தாள். சுடுதண்ணீர் ஊற்றுங்கள் என்றாள். அவளுடைய சின்னக் கேத்தலில் கொதிக்கிற தண்ணீர் இரண்டு தேத்தண்ணிக்குத்தான் காணும். அப்போது ஐயர் பின்கதவைக் காட்டினார். உள்ளே முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற கிடாரம் இருந்தது.

இறக்கினோம். மோட்டல் வாசலில் காஸ் அடுப்பைப் பற்றவைத்து, கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். விருந்தினர் கை துடைக்கவென்று கொண்டுவந்த துவாய்களைச் சுடுதண்ணீரில் தோய்த்துப் பில்டரிலும் குழாயிலும் சுற்றினோம். ஓமத்துக்கான நெய் கல்லாக இருந்ததால் ஐயர் அதையும் கிடாரத்தின் ஓரத்தில் வைத்து உருக்கிக்கொண்டார். முகாமில் இருந்து ஓடிப் பயிற்சி செய்துகொண்டு வந்த சில இராணுவ வீரர்கள் நின்று பார்த்தார்கள். யூனிபோர்மைக் கண்டதும் நானும் எஞ்சினியரும் நினைக்காமலே கையைக் காற்சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினோம். அவர்கள் சூப் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

6

நேரம் போய்க்கொண்டிருந்தது. மோட்டல் தொலைபேசியில் வெலிங்டன் மண்டபத்தைக் கூப்பிட்டேன். அபிதான் எடுத்தாள். நான் டீசல் உறைந்ததைச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் நிலைமையைச் சொன்னாள். சேவையர் மணிக்கூட்டுக்கு முன்னால் நிற்கிறார். வெலிங்டனில் ஒரு பிஜி இந்தியப் பூசாரியைப் பிடித்துவிட்டார்கள். மணவறைக்குப் பதிலாக இரண்டு கதிரை போட்டாயிற்று. தாரை வார்த்துக் கொடுக்கத் தமிழ்ச் சங்கத் தலைவர் முன்வந்திருக்கிறார், ஏற்கெனவே பட்டு வேட்டியும் கட்டிவிட்டார். மனோ மாமியார்க் கூட்டத்துக்குள் தனியாக நின்று வாதாடிக்கொண்டிருக்கிறாள்.

கதைகளில் என்றால் இந்த இடத்தில் என் மகள் கண்ணீர் மல்கத் தமிழில் ஒரு வார்த்தை பேசியிருப்பாள். அவள் பேசவில்லை. "ஹோல்ட் ஆன், டாட்" என்றுவிட்டு வயரில்லாத ரிசீவரைக் கையில் பிடித்தபடி எங்கேயோ நடந்தாள். மற்றப் பக்கம் வதனியின் குரல் வந்தது.

"மாமா, ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையே?"

எல்லோரும் சுகம், லொறிக்குத்தான் சுகமில்லை என்றேன். பிறகு பெரிய மனிதன் பேசவேண்டியதைப் பேசினேன். முகூர்த்தம் தவறினால் அவர்களுக்கு மனக்குறை, விசாவும் இருக்கிறது, சங்கத் தலைவர் மரியாதையான ஆள், அவரே செய்யட்டும், நான் வந்து வாழ்த்துகிறேன் என்றேன்.

"அவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது மாமா."

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"அப்பாவுக்கு நாள் எழுதினனான். நேரம் எழுதேல்லை. அவை அங்கத்தைப் பஞ்சாங்கத்தைப் பாத்துத்தான் கோயிலிலை போய் நிப்பினம். இங்கை பின்னேரமாகேக்கைதான் அங்கை அந்த நேரம் வரும். யாழ்ப்பாணத்து நேரம்தான் நேரமெண்டு மாப்பிள்ளை வீட்டாக்களே முந்திச் சொன்னவைதானே, அதுக்கு வைக்கட்டும். நீங்கள் ஆறுதலா வாங்கோ. நான் எழும்ப மாட்டன்."

பிறகு மனோ சொல்லித்தான் எனக்கு மீதி தெரியும். வதனி கூறைச்சேலையும் நகையுமாகப் பெண் அலங்கரிக்கிற அறையில் ஒரு கதிரையில் இருந்தாள். பக்கத்தில் அபி. யார் வந்து கூப்பிட்டாலும் வதனி அதே விஷயத்தை அதே குரலில் சொன்னாள். சேவையர் வந்து நின்றபோதும் சொன்னாள். ஒரு மாதம் தான் வாதாடிய வாதத்தையே மருமகள் வாயில் கேட்டு அவர் திகைத்துப்போனார். மாப்பிள்ளை ரவீந்திரன் அதுவரை ஒரு வார்த்தை பேசாத பையன். கதவடியில் வந்து, அப்படியென்றால் பின்னேரம் வைப்பம், எனக்கும் பசிக்கிறது என்றானாம். மனோவுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஐயரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு மாதம் வெலிங்டன் சூரியனுக்காக வாதாடியவர் அவர். பஞ்சாங்கத்தை எடுத்து, கிடாரத்து ஆவியில் கண்ணாடி மங்க மங்கப் பக்கங்களைப் புரட்டினார். மூடினார்.

"பெத்தவா நிக்கிற நேரம்னா அதுக்கு மேல என்ன பாக்கறது. நான் வந்து பேசிக்கறேன்."

7

சூரியன் மலைக்கு மேலே வந்து லொறியின் பக்கமாகத் திரும்பிய நேரத்தில் கிண்ணத்துக்குள் இருந்த மோர் மெல்லத் தெளியத் தொடங்கியது. பில்டருக்கு மேலே ஒரு கைப்பம்ப் உண்டு. உள்ளே போன காற்றை வெளியேற்ற அதை அமத்தி அமத்தி அடிக்கவேண்டும். டீசல் பீறிட்டு என் கையிலும் சட்டையிலும் வழிந்தது. விரல் மரத்து, எது என் விரல் எது திருகாணி என்று தெரியாத நிலை. ஹீட்டர் பிளக்கைப் போட்டுத் திறப்பைத் திருப்பினேன். முனகியது, இருமியது, பிறகு கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது.

மருந்து இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்றார் எஞ்சினியர். ஐயர் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாராம். நான் சுடுதண்ணீரைச் சொன்னேன். மோட்டல்காரி ஹீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டே, அடுத்தமுறை இங்கே வந்து டீசல் அடியுங்கள் என்றாள்.

வழியில் தைஹாப்பே என்ற ஊரில் உள்ளூர் டீசல் அடித்துக் கலந்துகொண்டோம். பிறகு எங்கும் நெடுநேரம் நிற்கவில்லை. எஞ்சினை நிற்பாட்ட மூவருக்கும் பயம். ஐயர் தேத்தண்ணி வாங்க இறங்கினபோதும் அது ஓடிக்கொண்டே இருந்தது. வழி முழுவதும் எஞ்சினியர் அந்த வெறும் போத்தலைக் கையில் உருட்டிக்கொண்டு வந்தார். வெலிங்டனை நெருங்கும்போது, நான் சின்ன எழுத்தை வாசித்திருக்க வேணும் மாஸ்டர் என்றார். நாங்கள் எல்லாரும் சின்ன எழுத்தை வாசிக்காமல்தானே இந்த நாட்டுக்கு வந்தனாங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

8

மண்டபத்துக்குள் ஆட்கள் ஏற்கெனவே ஒரு நேரச் சாப்பாட்டை முடித்திருந்தார்கள். வெலிங்டன் இளைஞர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மணவறையைத் தூக்கி, எஞ்சினியரின் கட்டளைப்படி பூட்டினார்கள். சங்கத் தலைவர் பட்டு வேட்டியுடனேயே ஒரு தூணைப் பிடித்தார். நான் அவரைப் பற்றி நினைத்ததை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன், அவர் மைக்கைப் பிடிக்கும் வரைக்கும்.

மனோ என்னைக் கழுவும் தொட்டியடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தேசிக்காய்ப் புளி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம், பல் துலக்குகிற பிரஷ் எல்லாம் போட்டாள். நகக்கண்ணில் கறுப்புப் போகவில்லை. மணமும் போகவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு, சால்வையால் கையை மறைத்தபடி போய் இருந்தேன்.

வதனியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னால் அபி, சேலையில். அவள் நடக்கத் தெரியாமல் நடந்த நடையைப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் யாரென்று விளங்கவில்லை. ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். பெண்ணின் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் கேட்டார். மனோ எனக்குச் சொல்லித்தந்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றும் என் பெயரல்ல. முதல் பெயருக்குரியவர் அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு கோயிலில் நின்றிருப்பார், கோயிலுக்குப் போகிற வழி திறந்திருந்தால்.

ஐயர் கையைக் கேட்டார். சால்வையை விலக்கினேன். டீசல் மணம் ஓமப்புகையையும் மீறி எழுந்தது. சேவையரின் மூக்குச் சுருங்குவது தெரிந்தது. வதனி குனிந்த தலை நிமிராமல் தன் வலக்கையை என் கைக்குள் வைத்தாள். காலையில் இருந்து அசையாமல் இருந்த பிள்ளை. நான் பிடித்துக்கொண்டேன். மனோ செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். மாப்பிள்ளை கையை நீட்டினான். ஐயர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன்.

மந்திரம் முடிந்தது. கையைக் கொடுத்துவிட்டு விடலாம் என்றார் ஐயர்.

மேளச் சத்தத்துக்குப் பதிலாக ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கை அப்படியே காத்திருந்தது. வதனிக்கு விட மனமில்லைப் போல, பாவம், பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சார்," என்றார் ஐயர் மெதுவாக, "நீங்கதான் விடணும்."

குனிந்து பார்த்தேன். அவளுடைய விரல்கள் எப்போதோ விரிந்திருந்தன.